தலைமையின் துணையும் தொழிலில் ஊக்கமும்

வாங்கும் ஊதியத்திற்குத் தக்கவாறு ஒருவன் வேலை செய்வது ஒன்று. அவ்வேலையைத் தன்னுடையதாகவே எண்ணிச் செய்வது வேறொன்று. முன்னதை ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். வருகைப் பதிவேட்டைக் கொண்டு அளந்தும் விடலாம். பின்னதை எழுதவும் இயலாது, அளப்பதும் எளிதன்று. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் முன்னோர் கூறிவைத்தனர். பெற்ற உறவிலேயே அவ்வாறாயின், பிறர் நடத்தும் நிறுவனத்தின் பணியைத் தன் சொந்தப் பணியாக ஒருவன் ஏற்றுக்கொள்வது எதனால்? இவ்வினாவுக்குத் தக்கதொரு விடை திருவனந்தபுரத்தின் அண்மை வரலாற்றில் இருக்கிறது. அந்நகரை அடுத்துள்ள தும்பா என்னும் மீனவர் சிற்றூரில் தொடங்கிய விண்வெளிப் பணியின் கதையை, இந்நோக்கில் நாம் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

நிலவுலகின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு மிக அண்மையில் செல்கிறது. மேல் வளிமண்டலத்தை ஆராய்வோர்க்கு இத்தகைய இடம் பெரிதும் வேண்டப்படுவது. ஆகவே டாக்டர் விக்ரம் சாராபாயும் அவருடைய துணைவர்களும் அக்கடற்கரையைத் தேர்ந்தெடுத்தனர். அங்கே புனித மரிய மகதலேனாள் பெயரில் ஒரு தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அதனை ஆராய்ச்சிப் பணிக்கென விட்டுக்கொடுக்க இசைந்தார். ஊர் மக்களும் தம் இருப்பிடங்களை விட்டுப் பெயர்ந்தனர். தேவாலயமும் ஆயர் இல்லமும் அலுவலகமும் பணிமனையும் ஆயின. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், அமெரிக்க நாட்டிலிருந்து வந்த நைக்கி அப்பாச்சி என்னும் ஆய்வு ராக்கெட்டு அங்கிருந்து வானில் எழுந்தது. ராக்கெட்டின் முகப்புக் கூம்பைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளிச் சென்ற காட்சியை அக்காலத்து நிழற்படம் ஒன்றில் இன்றும் காணலாம். வசதிகள் அவ்வளவே.

அங்கு வந்து சேர்ந்த பொறியாளர்களுள் பலர் இளைஞர்கள். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் அவர்களுள் ஒருவர். ராக்கெட்டு விடும் கலையில் அவர்களுக்கு முன் அனுபவம் இல்லை. எனினும் சாராபாய் அவர்களை அமெரிக்க விண்வெளி நிலையங்களுக்கு அனுப்பிப் பயிற்றுவித்துப் பெரும் பொறுப்புகளை அவர்களிடமே ஒப்படைத்தார்.

அவர் தம் மக்களை நடத்திய முறைக்குக் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சான்று தருகிறார். ஒருமுறை சாராபாய் தும்பாவுக்கு வந்தபோது, முகப்புக் கூம்பு வெடிமருந்து விசையால் கழன்று விழும் அமைப்பை அவருக்குக் காட்ட ஏற்பாடு செய்தனர். சாராபாய் பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நிகழவில்லை. இளைஞர்கள் திகைத்தனர். நேரத்தைக் கணிக்கும் மின்சுற்றே தடை எனக் கண்டு, அதனை விலக்கி நேரடியாக இணைப்புக் கொடுத்தபின் கூம்பு கழன்றது. சாராபாய் பாராட்டினார், எவரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவர் அதனை அத்தோடு விட்டுவிடவுமில்லை. அன்றிரவு கோவளத்து விடுதியில் அவர்களை அழைத்து வைத்து, இப்பிழை ஏன் நேர்ந்தது என்பதை நெடுநேரம் ஆராய்ந்தார். பல பிரிவினர் தனித்தனியே செய்யும் உறுப்புகளை ஒன்றுகூட்டிச் சோதிப்பதற்கு ஒரே கூரையின் கீழ் இடமில்லை என்பதே குறை என்று அவருக்குப் புலப்பட்டது. ராக்கெட்டுப் பொறியியலுக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைக்க அவ்விரவே முடிவு செய்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. பிழை நேர்ந்தவுடன், யார் செய்தது என்று கேட்பது பொதுவான மனித இயல்பு. சாராபாய், நம் ஏற்பாட்டில் என்ன குறை என்று கேட்டார். முதல் வினாவைக் கேட்பவரிடம் ஊழியர் உண்மையை ஒளிப்பர். இரண்டாம் வினாவைக் கேட்பவரிடம் தாமே முன்வந்து சொல்வர். அவர் 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அதே கோவளத்தில் காலமானார். மறு ஆண்டில் தும்பாவைச் சார்ந்த பிரிவுகள் ஒன்றிணைக்கப்பட்டு, அவர் பெயரால் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அமைந்தது. உலோகவியல் அறிஞர் டாக்டர் பிரம்ம பிரகாசு அதன் இயக்குநரானார். நாட்டின் விண்வெளி நிறுவனம் முழுவதற்கும் பேராசிரியர் சதீஷ் தவன் தலைவரானார்.

இவ்விருவர் காலத்தில்தான் பெருஞ்சோதனை வந்தது. செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையில் சேர்க்கும் முதல் இந்திய ஏவுகலமாகிய எஸ்.எல்.வி.-3 திருவனந்தபுரத்தில் உருப்பெற்றது. அதன் உயரம் 22 மீட்டர், எடை 17 டன், அடுக்குகள் நான்கு. திட்ட இயக்குநர் கலாம். பல ஆண்டு உழைப்பின் பயனாகிய அந்த ஏவுகலம் 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் காலையில் ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து கிளம்பியது. முதல் அடுக்கு செவ்வனே எரிந்தது. இரண்டாம் அடுக்கில் கலம் கட்டுப்பாட்டை இழந்தது. 317 வினாடிகளில் பயணம் முடிந்து, கரையிலிருந்து 560 கிலோமீட்டருக்கு அப்பால் அது வங்கக் கடலில் வீழ்ந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு, உள்ளே புகுந்த மாசினால் மூடாமல் நின்றுவிட்டதே காரணம். கலத்தைத் திருப்பி நிறுத்துவதற்கு வேண்டிய நைட்ரிக அமிலம் ஏவுமுன்னரே வழிந்து தீர்ந்துவிட்டது.

அன்றைய நிகழ்ச்சியைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் எடுத்துரைத்துள்ளார். செய்தியாளர்கள் கூடியிருந்தனர். பொதுமக்களின் பணம் கடலில் கரைந்தது என்னும் பழி எவர் தலையிலேனும் விழவேண்டிய வேளை அது. தவன் தாமே முன்சென்று, தோல்விக்குத் தாமே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார்; தம் குழுவினரிடம் தமக்கு நம்பிக்கை உண்டு என்றும், மறு ஆண்டில் அவர்கள் வெற்றி பெறுவர் என்றும் உறுதி கூறினார்.

அன்று கலாம் களைப்பும் துயரமும் மேலிட்டு, தம் அறைக்குச் சென்று உறங்கிவிட்டார். பொழுது சாயும் வேளையில் கண் விழித்தபோது, பிரம்ம பிரகாசு கட்டிலருகே அமர்ந்திருந்தார். உணவு உண்ணப் போகலாமா என்பதே அவர் கேட்டது. அதற்கு முன் இருமுறை வந்து, உறக்கத்தைக் கலைக்க மனமின்றித் திரும்பிச் சென்றவர் அவர். தாமும் உண்ணாமல் காத்திருந்தார். நேயர்களே, உயர்ந்த பதவியில் இருந்த ஓர் அறிஞர் செய்த சிறு செயல் இது. ஆயினும் கலாம் அதனை இருபது ஆண்டுகள் கழிந்தபின்னும் மறவாமல் எழுதி வைத்தார்.

ஆதரவு என்பது குற்றத்தைக் கண்டும் காணாமல் விடுவதோ என்று சிலர் ஐயுறக்கூடும். மறுநாளே எழுபதுக்கும் மேற்பட்ட அறிவியலாளர் கூடித் தோல்வியைக் கூறு கூறாக ஆராய்ந்தனர். வால்வின் பிழை உட்பட அனைத்தும் வெளிப்பட்டன. பின்னர்க் கூடிய ஒரு கூட்டத்தில், அமிலக் கசிவு தெரிந்தும் அதனைச் சிறிதென மதித்தது தம் பிழை என்று கலாம் தாமே எழுந்து ஒப்புக்கொண்டார். எவரும் அவரை அவ்வாறு சொல்லுமாறு வற்புறுத்தவில்லை. தவன் அவரை விலக்கவுமில்லை. கலாமையே விண்ணில் ஏற்றிவைக்கப் போவதாக நகைச்சுவையுடன் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். மேலே இருப்பவர் வெளியார் முன்னே பழியை ஏற்றார். ஆகவே கீழே இருப்பவர் உள்ளிருப்போர் முன்னே உண்மையைச் சொன்னார். வால்வைத் திருத்தியது பொறியியல் அறிவுதான். அவ்வறிவு தங்குதடையின்றி வேலை செய்வதற்கு இடம் அமைத்துக் கொடுத்தது தலைமையின் துணை.

பதினோரு திங்கள் கழிந்தன. 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் காலை, இரண்டாம் எஸ்.எல்.வி.-3 ரோகிணி என்னும் 35 கிலோகிராம் செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்றும் செய்தியாளர்கள் கூடினர். இம்முறை தவன் ஒதுங்கி நின்று, கலாமையே பேசுமாறு பணித்தார். தோல்வி வந்தபோது தலைவர் முன்னே நின்றார். வெற்றி வந்தபோது குழுவினரை முன்னே நிறுத்தினார். தலைமையைப் பற்றி அன்று தாம் கற்ற பாடம் இது என்று கலாம் இறுதிவரை சொல்லி வந்தார்.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆராயாமல் ஒருவனை நம்புவது தீங்கு. ஆராய்ந்து நம்பியபின் அவனை ஐயுறுவதும் அதே அளவு தீங்கு என்பது அதில் அவர் காட்டும் நெறி. தும்பாவில் இவ்விரு பகுதியும் நிறைவேறின. ஆட்களைத் தேர்வதிலும் வேலையைச் சோதிப்பதிலும் கண்டிப்பு இருந்தது. தேர்ந்தவரைத் தோல்வியிலும் கைவிடாத உறுதியும் இருந்தது.

மேலைநாட்டு உளவியலார் இக்கருத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்து வகைப்படுத்தினர். அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஐசன்பெர்கரும் அவருடைய துணைவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஒவ்வோர் ஊழியரும் தம் நிறுவனத்தைப் பற்றி மனத்தில் ஒரு பொதுக் கருத்தை உருவாக்கிக்கொள்கிறார் என்று காட்டினர். தம் உழைப்பை நிறுவனம் மதிக்கிறதா, தம் நலத்தில் அதற்கு அக்கறை உண்டா என்பனவே அக்கருத்தின் கூறுகள். ஆம் என்று எண்ணுவோர், பெற்ற நன்றிக்கு ஈடு செய்வது போல் ஒழுங்காக வேலைக்கு வருகின்றனர். வில்லியம் கான் என்னும் அறிஞர், கோடைக்கால முகாம் ஒன்றிலும் கட்டடக் கலைஞர் அலுவலகம் ஒன்றிலும் பணிபுரிவோரை ஆராய்ந்து, 1990-இல் இதனை மேலும் விளக்கினார். ஒருவர் தம்மை முழுமையாக வேலையில் ஈடுபடுத்துவதற்கு, வேலையில் பொருள் இருக்க வேண்டும்; அதற்கு வேண்டிய ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும்; பிழைபட்டால் இழிவு நேராது என்னும் அச்சமின்மையும் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. கோவளத்து இரவிலும் ஸ்ரீஹரிக்கோட்டைக் காலையிலும் காணப்பட்டது இவ்வச்சமின்மையே எனலாம்.

தோல்விகள் அத்துடன் நின்றுவிடவில்லை. அடுத்துச் செய்த ஏ.எஸ்.எல்.வி. ஏவுகலம் 1987-லும் 1988-லும் வீழ்ந்தது. 1992-இல் மூன்றாம் முயற்சி பலித்தது. அதனினும் பெரிய பி.எஸ்.எல்.வி. 1993-இல் முதல் முறை தவறி, 1994 அக்டோபரில் வென்றது. ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் திருவனந்தபுரத்துப் பணிமனைகளில் மீண்டும் விளக்குகள் எரிந்தன. தோற்றவர்களே திருத்தியும் வென்றனர்.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. அவ்வெற்றி கிட்டிய அடுத்த திங்களிலேயே, 1994 நவம்பர் 30-ஆம் நாள், நாகர்கோயிலைச் சார்ந்தவரும் திரவ எரிபொருள் எந்திரத் துறையின் முன்னோடியுமான நம்பி நாராயணன், ஒற்று வேலை செய்தார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். மத்தியப் புலனாய்வுத் துறை 1996-இல் குற்றச்சாட்டு உண்மையன்று என அறிக்கை தந்தது. உச்ச நீதிமன்றமும் 1998-இல் அவர் பக்கமே நின்றது. 2018-இல் அதே நீதிமன்றம் அவருடைய கைது தேவையற்றது என்று கூறி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. வாழ்நாள் முழுவதும் உழைத்த நிறுவனம் அவ்வேளையில் தம்முடன் நிற்கவில்லை என்ற வருத்தத்தை அவர் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். ஒருவர் கைவிடப்பட்டால் அதனைக் கண்டிருக்கும் சக ஊழியர் அனைவரும் தம் நிலையை எண்ணிப் பார்ப்பர் அன்றோ? அக்காலத்தில் அவருக்காக வாய் திறந்து, வழக்கு புனையப்பட்டது என்று எழுதிய மூத்த அறிஞர்களுள் சதீஷ் தவனும் ஒருவர். அப்போது அவர் தலைவர் பதவியை விட்டுப் பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது. துணை நிற்றல் என்பது பதவியோடு வந்து பதவியோடு போகும் கடமையாக அவருக்குத் தோன்றவில்லை.

விண்கலம் விடுவோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று இது. நூற்பாலையின் மேற்பார்வையாளர், பள்ளியின் தலைமையாசிரியர், நான்கு பேரை வைத்துக் கடை நடத்தும் வணிகர் ஆகிய எல்லோர்க்கும் இத்தகைய ஒரு காலை வந்தே தீரும். நூல் அறும்; கணக்குத் தவறும்; சரக்குக் கெடும். ஊதிய உயர்வும் விழாக்கால ஊக்கத் தொகையும் வேண்டுவனவே. நியாயமான ஊதியம் தராமல் இனிய சொல் மட்டும் சொல்வது ஆதரவாகாது. ஆனால் இழப்பு நேர்ந்த அன்று மேலிருப்பவர் எங்கே நின்றார் என்பதை ஊழியர் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பர்; மறுநாள் அவர்கள் எத்தகைய மனத்துடன் வேலைக்கு வருகின்றனர் என்பதை அதுவே முடிவு செய்யும்.

தும்பாத் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. சதீஷ் தவன் 2002 ஜனவரியில் மறைந்தார். எஸ்.எல்.வி.-3 ஏறிய, வீழ்ந்த, மீண்டும் ஏறிய ஸ்ரீஹரிக்கோட்டை ஏவுதளத்திற்கு அவ்வாண்டே அவர் பெயர் இடப்பட்டது.