அனுகம்பை

பாலி நூல்களில் கருணைக்குத் துணையாக அடிக்கடி வரும் சொல் 'அனுகம்பா'. தமிழில் அனுகம்பை எனலாம். 'அனு' என்றால் தொடர்ந்து, கூடவே. 'கம்ப்' என்ற வேருக்கு நடுங்குதல் என்று பொருள். பூகம்பத்தில் நிலம் நடுங்குகிறது. கம்பிதம் என்ற கமகத்தில் சுரம் அசைகிறது. அனுகம்பையில், பிறர் துன்பம் கண்டு நம் நெஞ்சு கூடவே நடுங்குகிறது.

நடுங்கும் நெஞ்சுக்குத் துணிவு எப்படி வரும்? பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 4ஆம் சூத்திரமான பயபேரவத்தில், ஞானம் பெறுமுன் அச்சந்தரும் காட்டிடங்களில் இரவு தங்கியதைப் புத்தர் சொல்கிறார். மான் வந்தாலும், மயில் சுள்ளியை முறித்தாலும், காற்று சருகை அசைத்தாலும் பயம் எழுந்தது. நடக்கும்போது பயம் வந்தால், அது அடங்கும்வரை நடந்துகொண்டே இருந்தார், உட்காரவில்லை. உட்கார்ந்திருக்கும்போது வந்தால் எழவில்லை. இதைவிடத் தெளிவான தியானப் பாடத்தை நான் படித்ததில்லை. ஞானம் பெற்ற பின்னும் காட்டையே நாடுவதற்கு அவர் இரண்டு காரணம் தருகிறார்: இம்மையில் தன் இனிய வாழ்வு, பின்வரும் மக்கள்மீது அனுகம்பை.

5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமக்கம் என்ற நூலை எழுதிய புத்தகோசரும் கருணையை நெஞ்சின் நடுக்கமாகவே விளக்கினார். கருணைக்கு நேர் எதிரான தூரத்துப் பகை கொடுமை, கருணைபோலவே தோன்றும் அருகிலுள்ள பகை சோகம் என்றார். அவர் முறையில் கருணைத் தியானம் பரிதாப நிலையில் உள்ள ஒருவரிடம் தொடங்குகிறது. பிறகு அன்புக்குரியவர், நமக்கு விருப்போ வெறுப்போ இல்லாதவர், கடைசியில் பகைவர்.