மூன்று டாலர் வழக்கு

1892இல் நியூயார்க்கில் மூக்குக்கண்ணாடி விற்றுவந்த சார்லஸ் பிரென்டிஸ், தம்மிடம் வந்த ஒருவரின் கண்ணைச் சோதித்துவிட்டு, கடிதம் எழுதிக் கண் மருத்துவர் ஹென்றி நொய்ஸிடம் அனுப்பிவைத்தார். அனுப்பியதில் குற்றமில்லை; சோதனைக்கு மூன்று டாலர் வாங்கியதுதான் நொய்ஸுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக்காரர் கண்ணாடியை விற்கலாம், சோதித்ததற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் பிரென்டிஸ் ஜெர்மனியில் பொறியியல் படித்தவர். ஒரு மீட்டர் தூரத்தில் பட்டகம் ஒளியை எத்தனை சென்டிமீட்டர் விலக்குகிறது என்று அளக்கும் முறையை வகுத்தவர்; பட்டகக் கண்ணாடி எழுதித் தருகிறவர்கள் இன்றும் அந்த அளவைத்தான் குறிக்கிறார்கள்.

கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரி தனித்தொழிலானது கருவிகளால் அல்ல, இந்தக் கட்டணத் தகராறால்தான் என்பேன். விழித்திரையைப் பார்க்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவி 1851இலேயே வந்துவிட்டது. ஸ்னெல்லனின் எழுத்து அட்டை 1862இல் வந்தது. அவை வந்த பிறகும் கண்ணாடிக்காரர் வியாபாரியாகவே இருந்தார். சோதனை இலவசமென்றால் அதற்கான கூலி கண்ணாடியின் விலையில்தான் ஏறும். “உங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை” என்று சொல்லிவிட்டால் அன்றைக்குக் கல்லா காலி. சோதனைக்கே கூலி என்றானபோதுதான் அந்த வாக்கியத்தைத் தயங்காமல் சொல்ல முடிந்தது. இன்றும் பலர் சோதித்த கையோடு கண்ணாடியும் விற்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், கட்டணம் வந்ததால் ஆசை அடங்கிவிடவில்லை. ஆனால் பார்த்துச் சொல்வதே வேலை, விற்பது அதன் பின்னால் வருவது என்ற முறை அங்கிருந்துதான் தொடங்கியது.

மருத்துவர்களின் ஆட்சேபத்தை வெறும் தொழில் பொறாமை என்று தள்ளிவிடவும் முடியாது. எழுத்து தெளிவாகத் தெரிந்தால் கண்ணில் நோயில்லை என்று ஆகாது. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல் ஓரப் பார்வையை முதலில் தின்னும். அட்டையின் கடைசி வரியைப் படிப்பவருக்கும் அது இருக்கலாம். இதற்கு விடை, தடை போடுவதல்ல, தகுதியைச் சோதிப்பது. 1901இல் மின்னசோட்டா சட்டம் இயற்றி உரிமம் கொடுக்கத் தொடங்கியது, 1908இல் நியூயார்க், 1924க்குள் அமெரிக்க மாநிலங்கள் எல்லாம். தன் எல்லை தெரிந்து மருத்துவரிடம் அனுப்புவதும் அந்தத் தகுதியில் சேர்ந்தது. பிரென்டிஸ் செய்ததும் அதைத்தானே! தெளிவாகத் தெரியும் கண்ணிலும் நோய் இருக்கலாம் என்பதால், பார்வை மங்கட்டும் என்று காத்திருப்பது தப்புக் கணக்கு. பள்ளியில் சேர்க்குமுன் பிள்ளைகளுக்குச் சோதனை வேண்டும். ஒரு கண்ணின் சோம்பலை மறுகண் மறைத்துவிடும். நாற்பதைத் தாண்டியவர்கள் குறையில்லாவிட்டாலும் அவ்வப்போது காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் விழித்திரைச் சோதனை அவசியம். திடீரென்று பார்வை மங்கினாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ கண்ணாடிக் கடைப் படியேறாமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.