படத்தில் தெரியாத குருத்தெலும்பு

1895ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர், கால்சியம் செறிந்த எலும்பைத் துலக்கமாகக் காட்டியதே தவிர, பெரிதும் நீராலான குருத்தெலும்பை ஏறத்தாழத் தடையின்றிக் கடந்துவிட்டதால், சிறுவர்களின் முதுகெலும்பு எதனால் வளர்கிறதோ அந்தப் பகுதி படத்தில் வெறும் இடைவெளியாகவே நின்றது. முள்ளெலும்பு ஒவ்வொன்றின் மேலும் கீழும் தகடுபோல் படர்ந்து, புதிய உயிரணுக்களை உண்டாக்கிப் படிப்படியாக எலும்பாக மாறும் இத்திசுவே வளர்குருத்தெலும்பு எனப்படுகிறது. அதன் விளிம்பைச் சுற்றியுள்ள வளையத்தில் பருவ வயதை ஒட்டி எலும்புப் பொட்டுகள் தோன்றும்போதுதான் எக்ஸ்ரேயில் ஏதோ ஒரு தடயம் கிடைக்கும்.

அந்தத் தடயத்தை நம்பியே டென்மார்க் மருத்துவர் ஹோல்கர் ஷாயர்மன் 1920இல் வளரிளம் பருவக் கூனலை விளக்க முற்பட்டார். வேலை பழகும் சிறுவர்களின் கூனுக்குத் தசைத் தளர்ச்சியே காரணம் எனக் கருதப்பட்ட காலத்தில், பக்கவாட்டில் எடுத்த படங்களில் முள்ளெலும்புகள் முன்புறம் உயரம் குறைந்து ஆப்பு வடிவம் கொண்டிருப்பதைக் கண்ட அவர், கோளாறு விளிம்பு வளையத்தில் இருப்பதாக முடிவு செய்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வேட்டை ஏற்கவில்லை. 1957இல், அவருக்கு 80 வயதானபோது, மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. ஆப்பு வடிவத்தைக் கண்டதில் அவர் பிழைபடவில்லை. படத்தில் தெரிந்த வளையத்தின் மீதே பழியைப் போட்டதுதான் பிழை. முதுகெலும்பின் உயரத்தில் அவ்வளையத்திற்குப் பங்கில்லை, தகட்டுக் குருத்தெலும்பே அதை வளர்க்கிறது என்பதை 1950 வாக்கில் பிக், கோப்பெல் என்ற ஆய்வாளர்கள் திசு ஆய்வில் நிறுவினர்.

டிரெஸ்டன் நகர நோயியலாளர் கிறிஸ்டியன் கேயார்க் ஷ்மோர்ல், படத்தை மட்டும் நம்பாமல், பிரேதங்களிலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளை அறுத்துப் பார்த்து, குருத்தெலும்புத் தகட்டின் பலவீனமான இடத்தில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் திசு எலும்புக்குள் புகுந்திருப்பதை 1927இல் விவரித்தார். அப்படி ஒரு முதுகெலும்பை அறுக்கையில் விரலில் பட்ட காயத்தின் நச்சுத்தொற்றே 1932இல் அவர் உயிரைப் பறித்தது.

அறுக்காமலே குருத்தெலும்பைக் காண, பால் லாட்டர்பர் 1973இல் வெளியிட்ட காந்த அதிர்வுப் படமுறை வழிவகுத்தது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையிலிருந்து படம் அமைவதாலும், கதிர்வீச்சு இல்லாததாலும், நலமான குழந்தைகளையும் பல வயதுகளில் ஆராய முடிந்தது. முள்ளெலும்பின் உடற்பகுதியையும் பின்வளைவையும் இணைக்கும் குருத்தெலும்பு இளங்குழந்தைப் பருவத்திலேயே மூடிவிடும் என்ற பழைய கணிப்பு அதனால் தளர்ந்தது. பள்ளி வயதிலும் அது திறந்திருப்பது தெரிந்ததால், இருபுறமும் அது ஒரே சீராக வளராததுதான் முதுகெலும்பின் பக்கவளைவுக்குக் காரணமோ என்ற வாதம் மீண்டும் எழுந்து இன்னும் தீராமல் இருக்கிறது.