அடிச்சட்டமும் சட்டமும்

தமிழில் 'சட்டம்' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. அரசு இயற்றும் விதியும் சட்டம்; கதவையும் படத்தையும் தாங்கி நிற்கும் மரக் கட்டுக்கோப்பும் சட்டம். மோட்டார் வண்டியின் பாரத்தைத் தாங்கும் எஃகுக் கட்டமைப்பை அதனால்தான் அடிச்சட்டம் என்று வழங்குகிறோம். இவ்விரு சட்டங்களுக்கும் உள்ள உறவு சொல்லளவினது மட்டுமன்று. அமெரிக்காவில் நீள் கார்கள், அதாவது நடுவே வெட்டி நீட்டப்பட்ட லிமோசின்கள், வளர்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. பொறியும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை ஓரிடத்தில் வாங்கி, குதிரை வண்டி கட்டிப் பழகிய பட்டறையில் விட்டுத் தம் விருப்பம்போல் கூடு கட்டிக்கொண்டனர் செல்வர்கள். சிங்கப்பூர் வீதிகளில் 1920களில் ஓடிய 'கொசுப் பேருந்து'களும் இம்மரபில் வந்தவையே. போர்டு நிறுவனத்தின் 'டி' வகை அடிச்சட்டத்தின்மீது ஏழு பேர் அமரத்தக்க கூடு. நெரிசலில் இங்குமங்கும் புகுந்து பறந்ததால் அப்பெயர். கூடு எத்தகையதாயினும் பாரம் சுமந்தது தொழிற்சாலையில் உருவான அடிச்சட்டமே. கூட்டைக் கட்டுவது வேறு. சட்டத்தையே அறுப்பது வேறு.

அறுக்கும் தொழில் 1928இல் தொடங்கியது என்பர். ஆர்க்கன்சா மாநிலத்தின் போர்ட் ஸ்மித் நகரில் ஆர்ம்ப்ரஸ்டர் என்னும் வண்டி கட்டும் நிறுவனம் காரை நீட்டிக் கட்டத் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் பெரிய இசைக்குழுவினர் தம் கருவிகளோடு ஒன்றாகப் பயணம் செய்ய அவ்வண்டிகள் பயன்பட்டன. பின்னர் நீளமே பெருமையின் அளவுகோல் ஆயிற்று. 1980களுக்குள் திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஒரு மாலைப் பொழுதுக்கு வாடகைக்கு எடுக்கும் ஆடம்பரமாக அது எளியோர் கைக்கும் வந்துவிட்டது.

பட்டறையில் நடப்பதைச் சற்று விரிவாகவே காணவேண்டும். உள்ளிருக்கும் இருக்கைகளையும் விரிப்புகளையும் களைந்தபின், முன்கதவுகளுக்குப் பின்னால் காரை இரண்டாக அறுக்கின்றனர். இரு பாதிகளையும் நேர்க்கோட்டில் நிறுத்தி, இடைவெளியில் புதிய எஃகுத் துண்டுகளைப் பற்றவைக்கின்றனர். பிரேக் குழாய்கள், மின்கம்பிகள், பின்சக்கரத்துக்கு விசை செலுத்தும் தண்டு ஆகிய யாவும் நீள வேண்டும். பற்றவைப்பு நேர்த்தியாக இருக்கலாம். ஆனால் நீளம் தன் வேலையைக் காட்டாமல் விடாது. கால்வாயின் குறுக்கே இட்ட பலகையின் நடுவில் ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். அதே அகலமும் தடிப்பும் உள்ள பலகையின் நீளத்தை இருமடங்காக்கினால் தொய்வு இருமடங்காகாது, எட்டு மடங்காகும். எடையும் கூடுகிறது, பிரேக்கோ சக்கரமோ அதற்கேற்ப மாற்றப்பட்டதா என்பது பட்டறைக்காரரின் மனச்சான்றைப் பொறுத்தது. லிங்கன் டவுன் கார் 2011 வரையிலும் தனி அடிச்சட்டத்தோடு வந்தமையால் நீட்டுவோர் அதனைப் பெரிதும் விரும்பினர்.

இனி மற்றொரு சட்டத்துக்கு வருவோம். 1966இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் வழியே, பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கதவு வலிமைக்கும், கார் உருண்டால் கூரை நசுங்காமைக்கும் 1973இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அங்கே அரசு ஒவ்வொரு வண்டியையும் முன்கூட்டிச் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. தயாரிப்பாளரே விதிக்கு இணங்கியது எனச் சான்று ஒட்டுகிறார். முதல் விற்பனைக்கு முன் மாற்றியமைப்பவரும் அவ்வாறே சான்று தரவேண்டும். விற்றபின் மாற்றினால் புதுச் சான்று தேவையில்லை. பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யலாகாது என்பதோடு தடை நின்றுவிடுகிறது. பெருந்தொழிற்சாலை சோதனைக்கென்றே பல கார்களைச் சுவரில் மோதி உடைத்துப் பார்க்கிறது. ஆண்டுக்குச் சில வண்டிகளை நீட்டும் சிறு பட்டறை எதை உடைத்துப் பார்க்கும்?

2015 சூலையில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய எட்டு இளம்பெண்களை ஏற்றிவந்த நீட்டப்பட்ட டவுன் கார், சாலையில் திரும்பும்போது சரக்குந்து ஒன்று பக்கவாட்டில் மோதியது. நால்வர் மாண்டனர். அடி விழுந்தது இடையில் சேர்க்கப்பட்ட பகுதியில். அவ்வழக்கை ஆராய்ந்த நடுவர் குழு, நீட்டும்போது தொழிற்சாலை அமைத்த பக்கவாட்டுக் காப்பு முதலானவை இல்லாமற் போவதைச் சுட்டிக்காட்டியது. அறிக்கை வெளிவந்தது, சட்டம் அசையவில்லை.

2018 அக்டோபர் 6ஆம் நாள், அதே மாநிலத்தின் ஸ்கோஹாரியில் இருபது உயிர்கள் போயின. பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு மதுவடிப்பகம் ஒன்றுக்குப் புறப்பட்ட பதினேழு பேர், குடித்துவிட்டுத் தாமே ஓட்டலாகாது என்னும் பொறுப்புணர்வால் வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தனர். உடன்பிறந்த சகோதரியர் நால்வர் அவர்களுள் அடங்குவர். நீட்டப்பட்ட 2001ஆம் ஆண்டு போர்டு எக்ஸ்கர்ஷன், நீண்ட சரிவில் பிரேக் செயலிழந்து இறங்கி, சந்திப்பைக் கடந்து, நிறுத்தியிருந்த ஒரு வண்டியில் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. பயணிகள் அனைவரும் ஓட்டுநரும் அருகில் நின்ற இருவரும் இறந்தனர். ஒரு மாதத்துக்கு முன்னரே அவ்வண்டி ஓடத் தகுதியற்றது எனச் சோதனையாளர் அறிவித்திருந்தனர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் உரிமையாளரின் அலட்சியத்தையே முதற்காரணமாகக் கண்டது. மாநிலத் துறைகளின் மேற்பார்வைக் குறைவையும் சேர்த்தே குற்றம் கூறியது. ஆகவே வெட்டியதையே இவ்விபத்துக்கு முழுக்காரணம் என்பது பொருந்தாது. ஆயினும், இருக்கைகளும் வார்களும் தக்கபடி அமைந்து, வார்களை அணிந்தும் இருந்திருந்தால் சிலர் பிழைத்திருக்கக்கூடும் என்பதும் ஆய்வில் தெரியவந்தது. பட்டறையில் பொருத்திய இருக்கை, தொழிற்சாலை இருக்கையன்று.

2020இல் நியூயார்க் மாநிலம் நீள் கார்களில் இருக்கை வார்களைக் கட்டாயமாக்கும் சட்டங்களை இயற்றியது. 2021 நவம்பரில் நடுவண் அரசின் உள்கட்டமைப்புச் சட்டம் புதிய லிமோசின்களுக்கும் அதனை விதிக்கப் பணித்தது. பக்கவாட்டு மோதல், கூரை நசுங்கல், காற்றுப் பை ஆகியவை குறித்து லிமோசின்களுக்கென ஆராய்ச்சி நடத்தவும் அச்சட்டம் ஆணையிட்டது. இவற்றுள் முதலிரண்டுக்கும் சாதாரணக் கார்களுக்கு 1973இலேயே விதி வந்துவிட்டது.