மலை தேய்ந்து ஊரான கதை

கோலாலம்பூரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் 1857ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டில் ராஜா அப்துல்லா, கிள்ளான் ஆற்றின் வழியே 87 சீனத் தொழிலாளரை ஈயம் தேடி அனுப்பினார். அவர்கள் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்திலே கரையேறி, அம்பாங் காட்டை நோக்கிச் சென்றனர். அவர்களில் மிகப் பலர் சில வாரங்களுக்குள்ளே காய்ச்சலுக்கு இரையாயினர். இவையெல்லாம் உண்மையே. ஆயின், அவர்கள் தேடிச் சென்ற ஈயம் அம்பாங்குக்கு எவ்வாறு வந்தது? அவர்கள் கால் வைத்த சேற்றுக் கரையைச் செய்தது எது? இவ்வினாக்களுக்கு விடை கூறாத சரித்திரம் அஸ்திவாரமில்லாத கட்டடத்தையே ஒக்கும்.

விடை நம் கண்ணெதிரே, நகருக்குக் கிழக்கே, நீல நிறமாய் நிற்கிறது. தித்திவாங்சா மலைத்தொடரின் உடல் கருங்கல். ஏறக்குறைய இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலே குழம்பாயிருந்து இறுகிய கல் அது. மேலே மூடியிருந்த பாறைகள் தேய்ந்தொழிந்த பின்னரே அது வெயிலைக் கண்டது. கண்டது முதல் அதுவும் தேயத் தொடங்கிற்று.

கல்லைத் தேய்ப்பது யாது? மழையே. இப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 95 அங்குல மழை பெய்கிறது. அந்நீர் காற்றிலும் மக்கிய இலைகளிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு, மெல்லிய புளிப்பு நீராகிக் கல்லின் இடுக்குகளில் இறங்குகிறது. கருங்கல்லில் அடங்கிய பொருள்களுள் ஒரு வகை அந்நீரால் இளகிக் களிமண்ணாகிறது. இரும்புச் சத்து துருப்பிடித்துச் செந்நிறம் கொள்கிறது. நம் தோட்டத்துச் செம்மண்ணின் சிவப்பு அத்துருவின் நிறமே. கடினமான படிகமோ கரையாமல் உதிர்ந்து மணலாகிறது. இவ்வாறு சில இடங்களில் நூறடி ஆழம் வரையிலுங்கூடக் கல் மண்ணாகிக் கிடக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் முன்னோர் சொன்னது இங்கே மழைக்குப் பொருந்துகிறது.

எல்லாக் கல்லும் ஒன்றுபோல் தேய்வதில்லை. உலு கிள்ளானுக்கு அருகே மதில்போல் நீண்டு நிற்கும் படிகக்கல் தொடரை நேயர்கள் கண்டிருப்பர். சுற்றியிருந்த கல் மண்ணாகி அகன்றபின், தேயாத அப்படிகம் மட்டும் எலும்புபோல் எஞ்சிற்று. கிள்ளான் ஆறு அதனைப் பிளந்துகொண்டே வெளிவருகிறது. பத்துமலையோ வேறு வகை. அது நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல். புளித்த மழைநீர் அதனைக் கரைத்துக் குகைகளாக்கியது. 1892 முதல் தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் நம் மக்கள் ஏறிச் சென்று வணங்கும் அப்பெருமண்டபத்தைக் குடைந்த உளி நீரேயாகும்.

இனி ஆற்றின் வேலையைக் காண்போம். நம் பெண்டிர் முறத்திலே தானியத்தைப் புடைக்கும்போது, கனத்த மணி நிற்க, பதர் பறந்து போகிறதன்றோ? ஆறும் அவ்வாறே மலை தந்த மண்ணைப் புடைக்கிறது. ஈயக்கல் நீரைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு கனமுடையது. மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்றே மிகுந்தது. ஆகவே மலையடியிலே, ஓட்டம் தளருமிடத்தில், ஈயம் சரளையோடு தங்கிற்று. மணல் அப்பாற் சென்றது. களிமண் சமவெளியிற் படிந்தது. அதனினும் நுண்ணிய சேறு கடல்வாய் வரையிற் போய்ச் சேர்ந்தது. அம்பாங்கின் ஈயமும், பிரிக்பீல்ட்ஸின் களிமண்ணும், கிள்ளானின் சதுப்பும் இவ்வாறு அமைந்தவை. மலையும் ஆறும் சேர்ந்து வைத்த மூன்று களஞ்சியங்கள் அவை.

அம்மூன்றினையும் மனிதன் திறந்தான். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும், அதன் முடிவில் வெள்ளமும் மரமும் அத்தாப்புமாயிருந்த கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு சர்க்கார் விதித்தது. ஆற்றோரக் களிமண் சூளைகளில் வெந்து நகரமாயிற்று. சூளைகள் மறைந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் மட்டும் நிலைத்தது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானருகே புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடிற்று. தண்டவாளம் போட்ட கைகளிற் பெரும்பாலானவை நம்மவர் கைகள். கிள்ளான் ஆற்றின் பழைய துறை ஆழங்குறைந்ததாகையால், 1901இல் ஆற்றின் வாயிலே, அலையாத்திக் காட்டை வெட்டிப் புதுத் துறைமுகம் கட்டினர். அதுவே இன்றைய கிள்ளான் துறைமுகம். சேற்று நிலத்தைக் கிளறியதும் மலேரியா கிளம்பிற்று. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் வடிகால் வெட்டி நீரை ஓட்டச் செய்த பின்னரே நோய் தணிந்தது. அப்பகுதியின் சதுப்பில் வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, தோட்டமாக்கிய உழைப்பிலும் நம்மவர் பங்கு பெரிது.

மழைக்கும் ஆற்றுக்கும் அவசரமில்லை. மனிதனுக்கோ அவசரம். லம்பங்களில் நீரைப் பீய்ச்சி மண்ணை உடைத்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆற்றிலே விட்டனர். பல்லாயிரம் ஆண்டுகளில் இறங்கவேண்டிய மண் சில பத்தாண்டுகளில் இறங்கிற்று. சுங்கை பீசியிலே உலகின் மாபெரும் திறந்தவெளி லம்பங்களுள் ஒன்றாயிருந்த பள்ளம் இன்று ஏரியாய்க் கிடக்கிறது. ரப்பர்த் தோட்டங்களிலும் இதே அவசரம். தொடக்க காலத்துத் துரைமார்கள் பால்மரத்தடியில் ஒரு புல்லும் நிற்கலாகாதென்று விதித்தனர். கங்காணியின் கண்காணிப்பிலே நம் பெண்களும் ஆண்களும் குனிந்து புல்லைச் செதுக்கினர். போர்வை இழந்த சரிவிலே மழை விழுந்ததும் மேல்மண் ஓடிப் போயிற்று. தவறு பின்னர் உணரப்பட்டது. சரிவுகளிலே வரப்பும் குழியும் அமைத்து, மண்ணைக் காக்கும் பயற்றுக் கொடிகளைப் படரவிட்டனர். அதற்குள் இழந்த மண் ஆற்றின் வயிற்றில் ஏறிவிட்டது.

வயிறு மேடாகிய ஆறு என்ன செய்யும் என்பதற்குச் சான்று கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வடக்கே, சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1883இல் அணை உடைந்து அழிவுகண்ட கோல குபு என்னும் ஊர், பின்னர் லம்பங்களின் மணல் படிந்து ஆற்றுமட்டம் உயர்ந்ததால் மீண்டும் மீண்டும் வெள்ளத்தில் ஆழ்ந்தது. இறுதியில் ஊரையே விட்டு, மேட்டிலே கோல குபு பாரு என்னும் புதிய ஊரைக் கட்டினர். கோலாலம்பூரும் 1926இலும் 1971இலும் பெருவெள்ளத்தைக் கண்டது. 2007இல் வெள்ளநீரையும் கொண்டுசெல்லும் சுரங்கம் ஒன்று நகரின் அடியிலே திறக்கப்பட்டது. ஆயினும் 2021 டிசம்பரில் பெய்த மழையில், கிள்ளான் ஆற்றையொட்டிய தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிற்று. மலைப்பக்கத்து அழிவு இன்னுங் கொடிது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் ஒன்று, பின்னிருந்த சரிவு இடிந்ததால் வீழ்ந்தது. 48 உயிர்கள் மாண்டன.

இவற்றைத் தலைவிதி என்று சொல்லி நெற்றியைத் தொட்டுக்கொள்வோர் நம்மிடையே இன்றும் உளர். கிரகக்கோளாறு என்போரும் உளர். மழை பெய்வது இயற்கை. மண்ணாகிப்போன கல்லின் மேற் சரிவைச் செங்குத்தாக வெட்டுவதும், நீர் வெளியேற வழி விடாததும், ஆறு தன் வெள்ளத்துக்காகத் தானே படிய வைத்த தாழ்நிலத்திலே வீடுகளை நெருக்கிக் கட்டுவதும் மனிதர் செய்வன. மனிதர் செய்ததை மனிதர் திருத்தலாகும்.

மேலும் ஒன்றை நாம் மறக்கலாகாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரமானபோது, லயத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பல எங்கே குடியேறின? விலை குறைந்த இடத்தில், ஆற்றோரத்தில், பள்ளத்தில். மேட்டு மண்ணைச் செதுக்கிய கைகளின் பேரர், அம்மண் இறங்கிப் படிந்த பள்ளத்திலே வெள்ளத்துக்கு அஞ்சி வாழ நேர்ந்தது.

ஆகவே மண்ணின் கதை பள்ளிப்பிள்ளைகள் பரீட்சைக்கு உருப்போடும் பாடம் மட்டுமன்று. வீடு வாங்கப் புகும் ஒவ்வொரு தொழிலாளியும், இந்நிலம் முன்பு என்னவாயிருந்தது, லம்பமா, சதுப்பா, ஆற்றின் பழைய படுகையா, பின்னால் நிற்கும் சரிவுக்கு வடிகால் உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். சங்கங்கள் அக்கேள்வியை நகராண்மைக் கழகத்தின் முன் எழுத்து மூலமாக வைத்தல் வேண்டும். விடை வரும் வரை கையொப்பமிடாதிருத்தல் நலம்.