தேசிங்கு கதையின் தொடக்கமும் இராணிப்பேட்டையின் பெயரும்

பாலாற்றின் வடகரையில், ஆர்க்காட்டிற்கு எதிரே அமைந்தது இராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற இவ்வூர், 2019ஆம் ஆண்டு முதல் தன் பெயராலேயே வழங்கும் மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குகின்றது. ஊர்ப்பெயரில் உள்ள ‘இராணி’ செஞ்சியை ஆண்ட தேசிங்கின் மனைவி என்பது வழிவழி வரும் செய்தி. இச்செய்தியை ஆராயப் புகுவோர் தேசிங்கின் கதையையும் உடன் ஆராய வேண்டியவராகின்றனர்.

முதற்கண் வரலாறு கூறுவதைக் காண்போம். எட்டாண்டு அளவு நீண்ட முற்றுகைக்குப்பின், 1698இல் செஞ்சிக்கோட்டை மராட்டியரிடமிருந்து மொகலாயர் கைக்கு மாறிற்று. பின்னர், புந்தேல இராசபுத்திரராகிய சொரூப்சிங் என்பார் ஒளரங்கசீப்பின் ஆணையால் அதன் தலைவரானார். 1714இல் அவர் இறந்தார். அவர்தம் மகன் தேஜ்சிங் வடநாட்டினின்றும் வந்து கோட்டையைக் கைக்கொண்டான். இவனே தமிழ் மக்கள் நாவில் தேசிங்கு ஆனவன். தந்தைக்கு அளிக்கப்பெற்ற பேரரசரின் ஆணைப்பத்திரமே தனக்குப் போதிய உரிமை என்பது அவன் கொள்கை. தண்ட வேண்டிய நிலுவை பெரிது என்பதும், புதிய ஆணையின்றி ஆட்சி செல்லாது என்பதும் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் வாதம். வழக்குப் போராயிற்று. அவ்வாண்டிலேயே தேசிங்கும் அவன் நண்பன் மகமத்கானும் களத்தில் வீழ்ந்தனர். தேசிங்கின் ஆட்சி ஓராண்டு கூட நிறையவில்லை. இவற்றைச் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் தம் செஞ்சி வரலாற்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்நூல் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

இனிக் கதைப்பாடல் கூறுவதைக் காண்போம். தில்லிப் பேரரசர் பெற்ற குதிரையொன்று எவர்க்கும் அடங்காததாய் இருந்தது. அதனை அடக்க முயன்று தோற்ற தேசிங்கின் தந்தை சிறைப்பட்டார். வளர்ந்த மைந்தன் தில்லி சென்று, பாராசாரி என்னும் அக்குதிரையை அடக்கித் தந்தையை மீட்டான். பேரரசரின் மதிப்பையும் பெற்றான். இப்பகுதிக்கு வரலாற்றுச் சான்று இல்லை. வரலாறு நமக்குத் தருவது தேசிங்கின் முடிவை. தொடக்கத்தைத் தந்தது மக்களின் கற்பனை.

முடிவு முன்னே பிறக்கத் தொடக்கம் பின்னே பிறப்பது வீரக் கதைகளின் பொது இயல்பு என யாம் கருதுகிறோம். நம் காலத்து அமெரிக்கக் கதையொன்றும் இதற்குச் சான்று பகரும். பேட்மேன் என்னும் வௌவால் வடிவ வீரன் 1939ஆம் ஆண்டு மே மாதம் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் முதன்முதல் தோன்றினான். அவன் ஏன் அவ்வாறு ஆனான் என்பது, பெற்றோர் கொலையுண்ட செய்தியோடு, அவ்வாண்டு நவம்பரில் 33ஆம் இதழில்தான் கூறப்பெற்றது. பிற்காலத்தில் அவனைப் பற்றிய திரைப்பட வரிசை 1997இல் வந்த படத்தோடு சோர்ந்து நின்றது. அதனை மீட்க 2005இல் கிறிஸ்டோபர் நோலன் கையாண்ட வழி, புதிய பகைவனை மட்டும் தேடுவதன்று. வீரனின் இளமைக்கே திரும்பியதாகும். ‘பேட்மேன் பிகின்ஸ்’ என்னும் அப்படத்தின் பெயரே தொடக்கத்தைச் சுட்டுவது. அதன்பின் 2008இலும் 2012இலும் அவ்வரிசை தொடர்ந்தது. தளர்ந்த கதைக்கு உயிர் அதன் வேரிலிருந்தே ஊறும் என்பது இதனால் விளங்கும்.

ஆயின், வேர் எதற்கு வேண்டப்படுகின்றது? தேசிங்கு கதை இதற்குத் தெளிவான விடை தருகின்றது. வடநாட்டினின்றும் வந்து சில திங்களே ஆண்ட இளைஞனுக்குச் செஞ்சியின்மீது உரிமை யாது என்பதே நவாபு எழுப்பிய வினா. தேசிங்கு காட்டியது ஆணைப்பத்திரம். பாடலைக் கேட்கும் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் பத்திரம் பொருளுடையதன்று. ஆதலின் பாடியோர் பத்திரத்தின் இடத்தில் குதிரையை வைத்தனர். எழுத்தால் வந்த உரிமை ஆற்றலால் வந்த உரிமையாயிற்று. பேரரசரே கண்டு மகிழ்ந்த வீரனை எதிர்ப்பவர் நவாபாயினும் நெறி தவறியவராகின்றார். ஆகவே, தொடக்கக் கதை வெறும் அணியன்று. வழக்கில் தோற்றவனுக்காக மக்கள் வழங்கிய தீர்ப்பு அது.

1960இல் டி. ஆர். ரகுநாத் இயக்கத்தில் ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமாக வந்தபோது எம். ஜி. இராமச்சந்திரன் அதில் இரட்டை வேடம் ஏற்றார், பி. பானுமதியும் நடித்தார். வரலாற்றில் ஒருவனாக இருந்த வீரனுக்குத் திரை மற்றோர் உருவையும் சேர்த்தது. ஒவ்வொரு காலமும் பழைய வீரனுக்குத் தான் வேண்டும் பிறப்பை வகுத்துக் கொள்கின்றது.

இனி ஊர்ப்பெயருக்கு வருவோம். கணவன் இறந்தபின் தீப்பாய்ந்த இளம் அரசியின் நினைவாகச் சாதத்துல்லாகான் ஏறத்தாழ 1771இல் இவ்வூரை அமைத்தார் என்று பழைய விவரச்சுவடிகள் கூறும். இக்கூற்று அவ்வாறே பொருந்தாது. அந்நவாபு 1732இலேயே மறைந்தார். 1771இல் ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் முகமதலி வாலாசா. எனவே ஆண்டாவது பிழை, நிறுவியவர் பெயராவது பிழை. ஊர்வழக்கு நவாபின் பெயரை உறுதியாகப் பற்றியிருத்தலின் ஆண்டே பிழையாதல் கூடும். 1717 என்பது எண் மாறி 1771 ஆயிற்றோ என ஐயுறவும் இடமுண்டு. எனினும் இஃது எம் ஊகமே, சான்றால் நிறுவப்பட்டதன்று.

வென்றவரே தோற்றவன் மனைவிக்கு ஊரொன்றை நினைவாக வைத்தார் என்பது வியத்தற்குரியது. அதனினும் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. தேசிங்கிற்கு மக்கள் தொடக்கம் தந்தனர். குதிரைக்கும் பெயர் தந்தனர். அரசிக்கோ ‘இராணிபாய்’ என்ற வழக்கே எஞ்சியது. இராணி என்பது பட்டம். பாய் என்பது வடநாட்டார் பெண்டிரை மதித்து வழங்கும் சொல். இரண்டும் சேர்ந்தும் ஒருத்தியின் இயற்பெயர் ஆகா. அவள் எங்குப் பிறந்தாள், எவ்வாறு வளர்ந்தாள் என்பனவற்றில் பாடலுக்கு நாட்டம் இல்லை. அவள் கதை நெருப்பில் தொடங்கி நெருப்பிலேயே முடிகின்றது.

நாள்தோறும் பல்லாயிரவர் உரைக்கும் ஊர்ப்பெயரில் ஒரு பெண்ணின் பட்டம் வாழ்கின்றது; பெயர் வாழவில்லை. வீரனின் தொடக்கத்தை மும்முறையும் நான்முறையும் புதுக்கும் நாம், அவளுடைய தொடக்கத்தை ஒருமுறையேனும் தேடுதல் கடனாகும்.