ஆர். கே. சண்முகம் செட்டியார் (1892–1953)

திருப்பூர் அடங்கியிருந்த பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் பருத்தி வணிகத்தோடும் பஞ்சாலைத் தொழிலோடும் பிணைந்த குடும்பத்தில் 1892 அக்டோபர் 17 அன்று பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியார், கோவை நகராட்சித் துணைத்தலைவராகப் பொதுவாழ்வைத் தொடங்கி, சென்னைச் சட்டமன்றம் வழியாக மத்திய சட்டசபைக்குச் சென்று, சுயராஜ்யக் கட்சியின் கொறடாவாகவும் 1933இல் அச்சபையின் தலைவராகவும் உயர்ந்தார்.

உள்நாட்டு அரசியலோடு பன்னாட்டுப் பேச்சுவார்த்தையிலும் அவரை ஈடுபடுத்தியது 1932ஆம் ஆண்டு ஒட்டாவா மாநாடாகும். பிரித்தானியப் பேரரசு நாடுகள் ஒன்றின் சரக்குக்கு மற்றொன்று குறைந்த சுங்கவரி விதிக்கும் ‘பேரரசுச் சலுகை’ ஏற்பாடு அங்கே உருவானது; இந்தியக் குழுவில் ஒருவராக அவர் பங்கேற்ற அம்மாநாட்டின் உடன்படிக்கையில், இந்தியப் பருத்தியின் பயன்பாட்டைப் பெருக்க ஒத்துழைப்பதாகப் பிரிட்டன் ஒப்புக்கொண்ட விதியும் இருந்தது. கம்போடியா பருத்தி விளைந்த கோவை, திருப்பூர் வட்டாரத்துக்கு அது அற்ப விஷயமன்று. ஆயினும் பிரிட்டனுக்குச் சலுகை தந்தவர் என்ற பழியே மேலோங்க, 1934 தேர்தலில் அவர் தோற்றார். பேரம் பேசுபவன் பெற்றதைவிடக் கொடுத்ததே ஊர் கண்ணில் படும் என்பதால், அத்தோல்வியைத் திறமைக்குறைவாகக் கொள்வது நியாயமாகாது.

அடுத்து 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாகவும் (மன்னரின் முதன்மை அமைச்சர்), 1938இல் உலக நாடுகள் சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாகவும், போர்க்காலத்தில் அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவின் தலைவராகவும் பணியாற்றினார். போருக்குப் பிந்தைய பன்னாட்டு நாணய ஏற்பாட்டை வகுக்க 1944 ஜூலையில் 44 நாடுகள் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் அவர் இடம்பெற்ற இந்தியக் குழு, ‘ஸ்டெர்லிங் இருப்பு’ குறித்து வாதாடியது. போருக்காக இந்தியாவிலிருந்து பெற்ற சரக்குகளுக்குக் கைக்காசு தராமல், லண்டனில் இந்தியாவின் பெயரில் பிரிட்டன் வரவு வைத்திருந்த தொகையே அது; அதில் ஒரு பகுதியையாவது பிற நாட்டு நாணயங்களாக மாற்றித் தரவேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

விடுதலைக்குப் பின் நேரு அமைச்சரவையின் முதல் நிதியமைச்சராகி, 1947 நவம்பர் 26 அன்று முதல் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். பருத்தித் துணி, நூல் ஏற்றுமதிக்கு அதில் அவர் வரியை உயர்த்தியது, சொந்த மண்ணின் தொழிலையே தொட்ட துணிவான முடிவு. வரி ஏய்ப்பு ஐயத்தின்பேரில் வருமானவரி விசாரணை ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரம் எழுந்தபோது, 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். தமிழிசை இயக்கத்தில் முன்னின்ற அவர், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார். 1952இல் சுயேச்சையாகச் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, மறு ஆண்டு மே 5 அன்று காலமானார்.